சாந்த்ராகாச்சியில் ஒரு ஃபோர்க்குக்குக் காற்றடித்தது

2006 டிசம்பர் 16, சனிக்கிழமை. சென்னையிலிருந்து என்னைச் சுமந்து வந்த ரயில் சாந்த்ராகாச்சியை நிற்காமல் கடந்து ஹவுராவில்தான் இறக்கிவிட்டது. வந்த வழியிலேயே ஏழு கிலோமீட்டர், நாலு ரூபாய் டிக்கெட்டில், லோக்கல் ரயிலில் திரும்பிப் போனேன். பையில் துணிமணி குறைவு. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான காற்றுப் பம்பு ஒன்று இருந்தது. டயருக்கு அடிக்கும் பம்பு அல்ல. மலைச் சைக்கிளின் முன்ஃபோர்க்குக்குள் காற்றை அளந்து ஏற்றும் பம்பு. கல்கத்தாவில் என் தங்கை விசாரித்த கடைகளில் அது கிடைக்கவில்லை. அலுவலக நண்பர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்ததை நான் கொண்டுபோனேன்.

தங்கை என்றால் சித்தி மகள் கல்யாணி. வயது நாற்பத்தொன்று. ரயில்வேயில் கணக்குப் பிரிவு. கணவர் சுந்தரமும் ரயில்வேதான், சிக்னல் பிரிவு. வரும் வெள்ளிக்கிழமை ஒரு சிறு குழுவோடு அவள் டார்ஜிலிங் பக்கத்துச் சந்தக்ஃபூ மலைக்குப் போவதாக ஏற்பாடு. மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து உச்சிக்கு 31 கிலோமீட்டர். ஏறுவது ஜீப்பில், இறங்குவது சைக்கிளில். பாதை நெடுகக் கற்கள். சென்ற மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்து கூடியிருந்தது. ஃபோர்க் அதிர்வை வாங்கிக்கொண்டால் போகலாம்; கைக்கு அனுப்பினால் போக முடியாது. ஞாயிறு மாலைக்குள் குழுத் தலைவரிடம் போனில் உறுதி சொல்ல வேண்டும்.

இந்த ஃபோர்க்கைப் பார்த்திராதவர்களுக்குச் சில வரிகள். முன்சக்கரத்தின் இரு பக்கமும் குழாய்க்குள் குழாயாக இரண்டு கால்கள். இடது காலுக்குள் காற்று, அதுதான் ஸ்பிரிங். ஓட்டுபவர் ஏறி நின்றதும், அவர் எடைக்கு மட்டுமே ஃபோர்க் கொஞ்சம் அமுங்க வேண்டும். அமுங்காவிட்டால் கல் கையில் குத்தும். அதிகம் அமுங்கினால், பள்ளம் வரும்போது மேலும் அமுங்க இடமிருக்காது. கல்யாணியின் ஃபோர்க் மொத்தம் நூறு மில்லிமீட்டர் அமுங்கும். எடைக்கு இருபத்தைந்து போதும் என்றது அதோடு வந்த புத்தகம். குழாயில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஏறினால் வளையம் மேலே நகரும், இறங்கினால் அங்கேயே நிற்கும். ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளலாம்.

பத்து மணி வாக்கில் குவார்ட்டர்ஸ் முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். பம்பைப் பார்க்கவே ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. மேல்வீட்டு மித்ரா காக்கு குரங்குக் குல்லாவோடு இறங்கி வந்தார். எதிர்வீட்டு பௌதி மாவுக் கையோடு வந்தார். காக்கு என்றால் சித்தப்பா, பௌதி என்றால் அண்ணி. அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் எல்லோரும் ஏதோ ஓர் உறவு.

கல்யாணியின் எடை ஐம்பத்தெட்டு கிலோ. ஃபோர்க்கின் காலில் ஒட்டியிருந்த அட்டவணைப்படி எழுபது பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றினேன். அவள் ஹெல்மெட்டும் பையும் மாட்டிக்கொண்டு ஏறி, பெடலில் எழுந்து நின்றாள்.

“பொரே ஜாபே!” என்று பௌதி கத்தினார். விழுந்துவிடுவாள் என்று அர்த்தம். உடனே நான்கைந்து கைகள் நீண்டன.

இறங்கியதும் அளந்தேன். வளையம் ஒன்பது மில்லிமீட்டரில் நின்றிருந்தது.

“வெள்ளைக்காரன் கணக்கு மச்சான் இது,” என்றார் சுந்தரம். “அவன் எலும்பு வேற, நம்ம எலும்பு வேற. காத்தை எறக்குங்க.”

கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒவ்வொரு முறையும் அவள் ஏறினாள், எல்லோரும் பிடித்தார்கள், நான் அளந்தேன். நாற்பத்திரண்டு பிஎஸ்ஐயில் வளையம் இருபத்தைந்தைத் தொட்டது. மித்ரா காக்கு கை தட்டினார். பௌதி வீட்டிலிருந்து எல்லோருக்கும் தேநீர் வந்தது.

கல்கத்தாவில் மலைச் சைக்கிளைச் சோதிக்க இறக்கம் தேடுவதே ஒரு வேலை. வங்காளத்தின் இந்தப் பகுதியை இறைவன் தோசைக்கல்லில் ஊற்றிப் பரப்பியிருக்கிறார். அகப்பட்டது, ரயில் பாதைகளுக்கு மேலே போகும் சாலைப் பாலம் ஒன்றுதான். நாலு மணிக்கு அங்கே போனோம். கல்யாணி உச்சியிலிருந்து சைக்கிளை விட்டாள். கீழே பாலமும் சாலையும் சேருமிடத்தில் ஒரு பள்ளம். பிரேக்கைப் பிடித்ததும் சைக்கிள் மூக்கைக் குத்திக்கொண்டு அமிழ்ந்தது. ‘டங்’கென்று இரும்பு இரும்பில் மோதிய சத்தம் எனக்கே கேட்டது. அவள் விழவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து இடது கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள்.

“போதும் கல்யாணி,” என்றார் சுந்தரம். “டார்ஜிலிங் போய் டீ குடிச்சிட்டு ஜீப்லயே எறங்கி வா. யாரு கேக்கப் போறா?”

“நான் கேப்பேன்,” என்றாள் அவள்.



டிசம்பர் 17, ஞாயிறு. காலையில் காபி ஆறிக்கொண்டிருக்க, கல்யாணி அந்தப் புத்தகத்தை மறுபடி படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அண்ணா, நேத்து நான் ஏறி நின்னப்ப யாரு யாரு பிடிச்சீங்க?”

“நான் பிடிக்கலை. வளையத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்.”

“நான் சீட்டைத்தான் புடிச்சேன்,” என்றார் சுந்தரம். “லேசா.”

அவள் பால்கனிக்குப் போய் வங்காளியில் கேட்டாள். மித்ரா காக்கு கைப்பிடியின் வலது பக்கம். பௌதி கைப்பிடியின் இடது பக்கம். பௌதியின் மாமியார் கல்யாணியின் இடுப்பையே பிடித்திருந்தாராம். “ஆமி தோ சாடினி!” என்றார் காக்கு பெருமையாக. நான் விடவேயில்லையே என்று பொருள்.

கல்யாணி சிரித்ததில் காபி சிந்தியது. ஐம்பத்தெட்டு கிலோவில் பாதியை அக்கம்பக்கம் சுமந்திருக்கிறது. ஃபோர்க்குக்கு அவள் பாரம் தெரியவேயில்லை. அட்டவணையைச் சந்தேகித்துக் காற்றை இறக்கியதில் எனக்கும் பங்கு உண்டு.

மறுபடி முற்றம். மறுபடி எழுபது பிஎஸ்ஐ. இந்த முறை நின்ற இடத்தில் ஏறுவதில்லை என்று முடிவு செய்தோம். மெதுவாக ஓட்டிப் போய், பெடலில் எழுந்து நின்று, பிரேக்கைத் தொடாமல் வேகம் தணிந்து, அலுங்காமல் இறங்க வேண்டும். யாரும் கூட வரக் கூடாது. சொல்வது சுலபம். அவள் காலைத் தூக்கியதுமே கைகள் நீண்டன.

“சேடே தாவ்! சேடே தாவ்!” என்று கத்தினாள். விடுங்கள், விடுங்கள். காக்கு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பௌதி முந்தானையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். சீட்டில் ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது.

“நீங்களுந்தான்,” என்றாள் கல்யாணி, திரும்பிப் பார்க்காமல்.

“கை மறுபடி போச்சுன்னா?”

“போனா என் கைதானே. விடுங்க.”

சுந்தரம் விட்டார். விட்ட கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவள் வேப்பமரம் வரை போய் இறங்கினாள். ஓடிப்போய் அளந்தேன். இருபத்திரண்டு. ஒரு துளி காற்று விட்டு மறுபடி ஓட்டியதில் இருபத்தைந்து. பம்பின் முள் அறுபத்தாறில் நின்றது. வெள்ளைக்காரன் கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது.

பாலத்துக்கு இம்முறை காக்குவும் பௌதியும் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணி உச்சியிலிருந்து இறங்கினாள். பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ஏறியது. ஃபோர்க் அமிழ்ந்தது, எழுந்தது. சத்தமில்லை. கைக்கடியாரம் கட்டுவது போல வலது கையால் இடது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு மறுபடி மேலே தள்ளிக்கொண்டு போனாள். நான்கு முறை இறங்கினாள். கடைசி முறை பிரேக்கே பிடிக்கவில்லை. சுந்தரம் அந்த முறை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு மணிக்குக் குழுத் தலைவருக்குப் போன் போனது. “ஹாங், ஆமி ஜாச்சி,” என்றாள். ஆமாம், நான் வருகிறேன்.

டிசம்பர் 18, திங்கள். ஹவுராவிலிருந்து என் ரயில் புறப்பட்டது. வெள்ளிக்கிழமை சியால்தாவில் ரயிலேற்றிவிட ஏழு பேர் போகப்போவதாகவும், சைக்கிளைப் பிளாட்பாரத்தில் யார் தூக்குவதென்று இப்போதே தகராறு என்றும் கல்யாணி சொல்லியிருந்தாள். கோலாகாட்டில் ரூப்நாராயண் ஆற்றைக் கடக்கும்போது என் சென்னை அடுக்ககத்தை நினைத்துக்கொண்டேன். பதினாறு வீடுகள். பத்து ஆண்டுகளாக அங்கே இருக்கிறேன். எதிர்வீட்டுக்காரரை இனிஷியலோடு தெரியும், பெயர்ப்பலகையில் படித்ததுதான். அங்கே இந்த ஃபோர்க்கை வைத்து அளந்திருந்தால், முதல் முறையிலேயே சரியான அளவு வந்திருக்கும்.