பெரிய வெள்ளி வெயில்

சிதம்பரத்தில் ஒரு தோல் கிளினிக்கில் எனக்கு நர்ஸ் வேலை. வருகிறவர்களிடம் அதிகம் ஒட்டிக்கொள்ள மாட்டேன். ஜெனிட்டாவிடம் ஒட்டிக்கொண்டேன், அதுதான் வினை.

கடலூர் மஞ்சக்குப்பத்துப் பெண், இருபத்தாறு வயது. நான்கு வயதில், அம்மா வியாகுலமேரி சோறு வடிக்கும்போது கை தவறி, கொதிக்கிற கஞ்சி அவள்மேல் கொட்டிவிட்டது. இடது கன்னத்தில் தழும்பு இறுகி வாயோரத்தை இழுத்திருந்தது. டீச்சர் பயிற்சி முடித்தவளை நர்சரி பள்ளியில் ஆபீஸ் அறைக்குள் உட்கார வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பயப்படுமாம்! முகம் தேறினால் ஜூனில் யூகேஜி வகுப்பு என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் பள்ளிக்காரர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் முதல் லேசர். டாக்டர் பொறுமையாக விளக்கினார்.

"பழைய தழும்புல கொலாஜன் நாரெல்லாம் சிக்கு விழுந்த நூல் மாதிரி இறுகிக் கெடக்கு. லேசர் அதுல பொடிப்பொடியா ஓட்டை போடும். நடுவுல தொடாம விட்ட தோல் வளந்து வந்து மூடிக்கும். மேல்தோலுக்கு ஒரு வாரம் போதும். அடியில புது கொலாஜன் ஒழுங்கா சேர மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் வெயில் படவே கூடாது, கறுத்துடும்."

வியாகுலமேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

பத்தாம் நாள் கட்டாயம் வரச் சொல்லியிருந்தோம். கன்னம் இளஞ்சிவப்பாக மூடியிருந்தது. வாயோரம்கூடக் கொஞ்சம் இளகினாற்போலிருந்தது. கண்ணாடியைப் பார்த்து ஜெனிட்டா சிரித்தாள். அம்மா அழுதார்.

அவர் எங்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. புண் நல்லபடியாக மூடினால், பெரிய வெள்ளியன்று மகள் குடையும் முக்காடும் இல்லாமல் சிலுவைப்பாதை நடப்பாள் என்று சாமியிடம் பொருத்தனை செய்திருந்தார். அடுத்த வாரமே பெரிய வெள்ளி. பகல் பதினோரு மணிக்குக் கோயிலிலிருந்து கிளம்பி, தெருத்தெருவாகப் பதினான்கு தலங்களில் நின்று நின்று ஜெபம். ஜெனிட்டா தயங்கியபோது, "சாமிக்காக நடக்கற வெயில் சுடாதும்மா" என்றாராம். இருபத்திரண்டு வருடமாக, சோறு வடிக்கும்போதெல்லாம் கை நடுங்குகிற தாய். அவரிடம் அவள் எப்படி மறுப்பாள்? நடந்தாள்.

மே கடைசியில் வந்தபோது கன்னமெல்லாம் திட்டுத்திட்டாகக் கறுப்பு. மங்குவதற்கு எத்தனை மாதம் ஆகுமோ, அதுவரை அடுத்த லேசர் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யூகேஜிக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று. 

அம்மா வெளியே உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பவானி அக்கா, வெயிலாலன்னு சொல்லிடாதீங்க. ரெண்டாவது தடவையும் தன்னாலதான்னு தெரிஞ்சா அம்மா உசுரோட இருக்க மாட்டாங்க. லேசர் சூடு ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொல்லுங்க."

வெளியே போய் அவரிடம் அப்படியே சொன்னேன். பழியை வாங்கிக்கொண்டேன். வியாகுலமேரி என்னைப் பார்த்த பார்வையில் நான் கூசிப்போனேன்.

"உங்கள நம்பி புள்ளைய குடுத்தேன் பாரு" என்றார். "இனிமே உங்க மெஷினு வேணாம். மாதாகிட்ட நேந்துகிட்டேன். ஆகஸ்ட்ல கொடியேத்தத்துக்கு வேளாங்கண்ணிக்கு நடந்தே போறோம், நானும் அவளும். முக்காடு இல்லாம."

நான் வாயைத் திறந்தேன். அவர் முதுகுக்குப் பின்னால் நின்ற ஜெனிட்டா, வேண்டாம் என்று தலையசைத்தாள்.