பேர் வைக்கும் தியுர்மா அக்கா

சூரியகாந்தி விதையை முன்பல்லால் உடைத்துத் துப்பிக்கொண்டே, நிருபர் எழுதி வந்த ‘சில இளைஞர்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘கேங்’ என்று போடுவார் தியுர்மா அக்கா. “ரெண்டு பேருன்னா கூட்டாளிங்க. மூணு பேருன்னா கேங். இது கூடத் தெரியாம பேப்பர்ல வேலைக்கு வந்துட்டானுங்க!”

மேடான் நகரில் எங்கள் நாளிதழின் குற்றப் பக்கம் அவருடையது. பக்கம் கட்டுகிறவன் நான். பள்ளிவாசல் படியில் செருப்பு களவு போனால் ‘செருப்பு கேங்’. ஆடு காணாமல் போனால் ‘ஆட்டு கேங்’. அந்த ஆட்டு கேங்கில் ஒருவன் சிறையிலிருந்து வந்ததும் நேரே எங்கள் அலுவலகத்துக்கு வந்து, “ஒரே ஒரு ஆடுதான்கா. அதுக்குப் போய் கேங்கா?” என்று அழாக்குறையாகக் கேட்டான். அக்கா அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, “பேரு நல்லா இருந்துச்சுல்ல?” என்றார். இந்த அம்மாளை என்ன செய்வது!

கொண்டையில் செருகிய சிவப்புப் பேனா. கீழ்த்தளத்து டீக்கடை வரை கேட்கும், பட்டாக் இனத்தாருக்கே உரிய குரல். ஞாயிறு தவறாத தேவாலயம். விதவை. ஒரே மகன் பின்சார், சாவு வீடுகளில் ஊதுகிற வாத்தியக் குழுவில் டிராம்போன் வாசிக்கிறான். “காது கேக்காதவங்க செத்தா மட்டும் அவனைக் கூப்பிடுங்க” என்பார். பெருமை தாங்காமல்தான் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நிருபர் இர்வன் ஒரு படம் கொண்டு வந்தான். யாரோ அவன் கைபேசிக்கு அனுப்பியது. மோட்டார் சைக்கிளில் பையன்கள், தோளில் துணி சுற்றிய நீள நீளச் சாமான்கள். தெருக்காரர்கள் வளைத்துப் பிடித்துக் காவல் கொட்டகையில் அடைத்திருக்கிறார்களாம். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. ‘பட்டாக்கத்தி கேங் பிடிபட்டது!’ என்று எழுதி நீட்டினார். இர்வன் அதை அப்போதே இணையத்தில் ஏற்றினான்.

நான் படத்தைப் பெரிதாக்கி முதல் பக்கத்தில் வைத்தேன். சரிபார்க்கக் குனிந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

“அமாங், ஐயோ அப்பா! அந்தச் சிவப்பு ஹெல்மெட்... பின்சார்டா.”

மதியம் அந்தத் தெருப் பக்கம் ஒரு சாவுக்கு வாசிக்கப் போனவன். போன் அடித்தால் எடுக்கவில்லை. எங்கள் ஊரில் மோட்டார் சைக்கிள் கேங் என்றால் ஜனம் கட்டையோடு இறங்கிவிடும். போலீஸ் வருவதற்குள் ஆள் மிஞ்சமாட்டான். எத்தனை செய்தி போட்டிருக்கிறோம்!

“எடுடா அதை!”

“எடுத்துட்டேன்கா. ஆனா நிறைய பேரு பகிர்ந்துட்டாங்க.” இர்வன் கைபேசியைத் திருப்பிக் காட்டினான். “அந்தத் தெருவோட கைபேசிக் குழுவுலயும் ஓடுது.”

“நான் எழுதினதுதானே ஓடுது,” என்றார் அக்கா. அவ்வளவு சின்னக் குரலை நாங்கள் அவரிடம் கேட்டதே இல்லை. அந்த வட்டாரத் தலைவரின் எண்ணைப் பிடித்து, ஒலியைக் கூட்டி மேசையில் வைத்தேன். அடித்தது, நின்றது. மறுபடி அடித்தது.

“யாரு? பேப்பரா?” அந்தப் பக்கம் ஒரே கூச்சல். “கத்தியாவது கடப்பாரையாவது! நாலு பேரு கட்டையோட வந்தானுங்க. துணியை அவுத்துப் பார்த்தா எல்லாம் ஊதுற குழலு. யாரு என்னன்னு பார்க்காம எழுதறதா? வாசிங்கடான்னேன். இப்ப நிறுத்தமாட்டேங்குறானுங்க, கேளுங்க!”

குழல்களுக்கு நடுவே ஒரு டிராம்போன் தாளம் தப்பிப் பிளிறியது.

“என் பிள்ளைதான்,” என்றார் அக்கா. “அந்த அபசுரம் வேற யாருக்கும் வராது.” சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இர்வன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அப்பாடா!

மறுநாள் முதல் பக்கத்தில் பிழை எங்களுடையது என்று அக்காவே எழுதினார். ‘கேங்’ என்ற சொல்லை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. திங்களன்றே ஒரு ‘தேங்காய் கேங்’ வந்தது.

செவ்வாய்க்கிழமை இர்வன் இன்னொரு படத்தை நீட்டினான். “துறைமுகச் சாலைல கேங்காம்க்கா. தலைப்பு?”

“நீ போய்ப் பார்த்தியா?”

“படம்தான் வந்திருக்கேக்கா. பக்கம் முடிக்க நேரமாச்சு.”

அக்கா கைப்பையைத் துழாவி, தன் ஸ்கூட்டர் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார்.