நீலப் பென்சில்

1998 ஒக்டோபர் 7, புதன்கிழமை. காலை ஆறு பத்துக்கு எழுந்தேன். தேநீர், இரண்டு துண்டு பாண், ஏழு ஐந்துக்கு பஸ். சிரிக்காதீர்கள், பாண் துண்டுகளையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கிற ஆள் நான். மாலை வீடு திரும்பியபோது கதவடியில் ஒரு படிவம் கிடந்தது. லண்டன் ஸ்ட்ரெதமில் ஒரு நூலகத்தில் பழைய சித்திரக்கதைகளுக்குக் கண்காட்சி வைக்கிறார்கள். என்னிடமிருக்கும், கையால் வரைந்த ஒரு மூலப் பக்கத்தை இரவல் கேட்டிருந்தார்கள். படிவத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பினேன். 'வரைந்தவர்', 'அதற்கான ஆதாரம்' என்ற இரண்டு கட்டங்களில் மட்டும் பேனா நின்றுவிட்டது.

பக்கத்தை உறையிலிருந்து எடுத்ததும் பூச்சி உருண்டை மணத்தது. கதிரேசு அண்ணையின் சூட்கேசுக்கும் அதே மணம். எண்பதுகளில், மிச்சம் என்ற புறநகரில் ஏழு பேர் குடியிருந்த வீட்டில், முன்னறை எனக்கும் அவருக்கும். லண்டனில் அவர் பெட்ரோல் நிலையத்தில் கல்லாவில் இருந்தார். அதற்கு முன், கொழும்பில், சிறுவர்களுக்கான சித்திர வார இதழ் ஒன்றுக்குப் பதினொரு ஆண்டுகள் படம் வரைந்தவர். அவருடைய நாயகன் ஒரு தபால்காரன். கடிதமெல்லாம் கொடுத்து முடித்தபின் முகமூடி போட்டு, அதே சைக்கிளில் கள்ளரைத் துரத்துவான்.

"சைக்கிள் மணிச் சத்தத்துக்கே கள்ளன் ஓடிடுவானே அண்ணை?"

"அதுக்குத்தானே தம்பி எட்டாவது இதழிலை மணியைக் கழட்டினனான்."

ஆனால் ஒரு இதழிலும் அவர் பெயர் இல்லை. அவர் பென்சிலால் வரைவார். இன்னொருவர் அதன்மேல் மை போடுவார். மை போட்டவர் கையொப்பமிடுவது அந்த அலுவலக வழக்கம். இதழ் நின்றபின் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதினாராம். "அதிலையும் முதலாளியின்ர பேர்தானே" என்று சிரிப்பார்.

1986இல் நம்மவர்கள் மிச்சம் புறநகரில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஆதாரம் காட்டினால் அவர் பெயரையே போடுவதாகச் சொன்னார்கள். அண்ணைக்கு முகமெல்லாம் வெளிச்சம். சூட்கேசிலிருந்து பன்னிரண்டு மூலப் பக்கங்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

அன்று ஞாயிறு, எனக்கு விடுமுறை. பக்கங்களைப் பார்த்தேன். மைக்கோட்டைச் சுற்றி எங்கும் நீலப் பென்சில் கீறல்கள். ஓரத்தில் 'மூக்குக் கூர் வேண்டாம்' என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். அழுக்கு எனக்குப் பொறுக்காது. பத்து மணிக்கு அழிறப்பரை எடுத்தேன், மூன்று மணிக்கு முடித்தேன். அன்றைய குறிப்பு இப்படி முடிகிறது: 'பன்னிரண்டு பக்கங்கள். முழுச் சுத்தம்.'

அண்ணை வந்தார். கோட்டைக் கழற்றாமலே ஒவ்வொரு பக்கமாக ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். நான் பாராட்டுக்குக் காத்து நின்றேன்.

"துடைச்சுப்போட்டீரோ?"

"ஓம் அண்ணை. ஒரு ஊத்தையும் இல்லை."

"அது ஊத்தையில்லையடாப்பா. அதுதான் நான் கீறினது. மேலை கிடக்கிறது அவன்ர மை."

அச்சுக்குப் பக்கத்தைப் படமெடுக்கும் கமராவுக்கு நீலம் தெரியாதாம். அதனால் அச்சகத்தில் யாரும் அதை அழிப்பதில்லை. அவ்வளவு காலம் தப்பிக் கிடந்த கோடுகள், என் ஐந்து மணி நேர ஒழுங்கில் போய்விட்டன.

அண்ணை பக்கங்களை அடுக்கி வைத்தார்.

"சரி, விடும். அவன்ர பேரிலையே போடட்டும். படம் நல்ல படம்தானே."

அப்படியே போட்டார்கள். கண்காட்சி முழுக்க அண்ணை ஒரு ஓரமாக நின்றார். யாரோ அந்தச் சைக்கிளுக்கு ஏன் மணியில்லை என்று கேட்டபோது மட்டும் கிட்டப் போனார்.

1991இல் அவர் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு பக்கத்தை என்னிடம் தந்து, "நீர் கவனமாய் வைச்சிருப்பீர்" என்றார். கேலியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மற்றப் பதினொன்றும் எங்கே போயினவோ. பெட்ரோல் நிலையம் இருந்த இடத்தில் கம்பளக் கடை. எங்கள் முன்னறையை இரண்டாகத் தடுத்துவிட்டார்கள். அந்த ஜன்னல் இப்போது யார் பக்கமோ.

மறுநாள், ஒக்டோபர் 8 காலை, கேத்திலில் தண்ணீர் வைக்குமுன், படிவத்தை எடுத்தேன். 'வரைந்தவர்: ஆறுமுகம் கதிரேசு. மை: கையொப்பமிட்டவர்.' ஆதாரம் என்ற கட்டத்தில், 'இருந்தது. நான் அழித்துவிட்டேன்' என்று எழுதி, கீழே என் முழுப் பெயரையும் எழுதினேன்.