பூட்டுக்கு எண்ணெய் விடாத இரண்டு வாரம்

துருக்காரர் வாசல் கதவின் கீலைப் பழைய பனியன் துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கதவை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக விடிந்ததும் இதுதான் வேலை. வாசலில் நின்றால் கடல் தெரியும் வீடு அது. உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது. கீல், ஜன்னல் கம்பி, பூட்டு, குழாய் என்று ஒன்று மாற்றி ஒன்று. எந்நேரமும் துருவைச் சுரண்டுவதால் தெருவில் அந்தப் பெயர். வீட்டுக்காரர்கள் விடுமுறைக்கு வந்து போவார்கள். அவர் பின்பக்க அறையில் இருந்தார். மனைவி இறந்த பிறகு அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

கடைசிக் காலத்தில் இங்கேயே வந்து தங்கிவிட்ட அந்த வீட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டவள் நான். இப்போது எதிர்வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறேன். அம்மா போனதும் மகன் வாசலில் பலகை மாட்டினான்: “கடற்கரை அருகே குடும்ப விடுமுறை இல்லம் விற்பனைக்கு. பராமரிப்பு அதிகம் தேவையில்லை.”

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் முதுகில் புண் வராது. புண் வராததைப் பார்த்துவிட்டு, இவருக்கு ஆள் எதற்கு என்று கேட்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

வீடு பார்க்க ஒரு டீச்சர் வந்தார். பலகையைப் படித்துவிட்டுச் சிரித்தார். “கடல் பக்கத்துல பராமரிப்பு வேண்டாமா? யாருக்குக் காது குத்துறீங்க?”

“பூட்டிட்டுப் போங்க மேடம். ரெண்டு வாரம் கழிச்சு வாங்க, அப்படியே இருக்கும்” என்று மகன் அளந்தான்.

“சரி, சாவி என்கிட்ட இருக்கட்டும்” என்று அவர் வாங்கிப் போய்விட்டார்.

கார் திரும்பியதும் மகன் துருக்காரரிடம் வந்தான். “அண்ணே, ரெண்டு வாரம் எதுலயும் கை வைக்காதீங்க. எண்ணெயும் கையுமா உங்களை யாராவது பார்த்தா என் பேச்சு பொய்யாயிடும்.”

“பூட்டுக்கு மட்டும், தம்பி...”

“தொடாதீங்கன்னேன்ல?”

“வித்த பிறகு நான்?”

“வேலையே இல்லாத வீட்டுக்கு ஆள் எதுக்கு? வாங்கறவங்க அப்படித்தான் கேப்பாங்க. நான் என்ன பண்ண?”

பூட்டு திறந்தால் வீட்டுக்கு ஆள் வேண்டாம் என்றாகி இவர் அறை போகும். திறக்காவிட்டால் வியாபாரம் கெடும், மகன் இவர்மேல் பாய்வான். நான்காம் நாள் மழைக்காற்று பிடித்துக்கொண்டது.

“அக்கா, கீல் சிவந்துடுச்சு” என்று என் வாசலில் வந்து நின்றார்.

“கை அரிச்சா எங்க வாளியத் தேய்ங்க” என்றேன். தேய்த்துக் கொடுத்தார். மறுநாள் மண்வெட்டியைக் கேட்டார்.

பதினான்காம் நாள் டீச்சர் வந்து சாவியை நுழைத்தார். அது திரும்பவில்லை. மகன் வாங்கித் திருகினான். சாவிதான் வளைந்தது. சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, தன்னை மறந்து கத்தினான்: “அண்ணே, எண்ணெய்!”

துருக்காரர் மடியிலிருந்து குப்பியை எடுத்தார். எண்ணெய் விட்டு, கல்லால் மெல்லத் தட்டி, சாவியை நிமிர்த்தித் திறந்தார். கதவு அலறிக்கொண்டு உள்ளே போனது.

“தினம் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று டீச்சர் அவரையே கேட்டார்.

மகன் கண்ணைக் காட்டினான். துருக்காரர் அவனைப் பார்த்தார், பிறகு குப்பியைப் பார்த்தார். எதிர்வாசலில் நான் பெரியவரின் கஞ்சிக் கிண்ணத்தோடு அசையாமல் நின்றேன்.

“ரெண்டு மணி நேரம்மா. மழைன்னா மூணு.”

“அவருக்குப் பொழுது போகணும் மேடம், அதான்...” என்று மகன் இழுத்தான். டீச்சர் கீலைத் தடவிய விரலைப் பலகையில் துடைத்தார். துருக்காரரின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு காரில் ஏறினார்.

“காலையில ரூமைக் காலி பண்ணு” என்றான் மகன். அதுவரை மரியாதை குறைத்துப் பேசாதவன்.

இரண்டு பையில் அடங்கிவிட்டது அவர் சாமான். விடிந்ததும் அவற்றை வாசலில் வைத்துவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தபோது போன் அடித்தது.

“வீட்டை எடுத்துக்கறேன்னு அவர்கிட்டச் சொல்லிட்டேன். நீங்களும் இருக்கணும்னு சொல்லிட்டேன்” என்றார் டீச்சர். “முதல்ல அந்தப் பலகையைக் கழட்டுங்க.”

ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. எண்ணெய் விட்டு, கால் மணி நேரம் பொறுத்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.