பூத்தட்டுக்குப் பின்னால்

பஸ்ஸில் ஏறியதும் பங்கிராஸ் உட்காரமாட்டார். தோளில் தொங்கும் நீளமான காக்கிப் பையை அவிழ்ப்பார். உள்ளிருந்து மூன்று கால்களை எடுத்து நடைவழியில் விரித்து ஊன்றுவார். நடுக்குழாயை இழுத்து, திருகை முடுக்கி, அதன் தலையில் ஒரு தகரத் தட்டை மாட்டி, தட்டின்மேல் நேற்றைய பத்திரிகையை விரித்துவைத்த பிறகுதான் உட்காருவார். பத்திரிகையைக் கையில் பிடித்துப் படிக்கும் மற்றப் பயணிகளை அவர் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அது இலை போட்டிருக்கும்போது தரையில் சோற்றைக் கொட்டித் தின்கிறவனைப் பார்க்கும் பார்வை.

அவராவது படிக்கிறாரா என்றால் அதுவும் இல்லை. யாராவது ஒருவர் "இது என்னங்க?" என்று கேட்டுவிடமாட்டாரா என்று காத்திருப்பார். கேட்டவர் தொலைந்தார். புதுக்கோட்டை வரும்வரை அவருக்கு வேறு பேச்சு கிடையாது.

கீரமங்கலம் பஸ்ஸின் கண்டக்டருக்கு இது பழகிப்போன தொல்லை.

"என்ன பங்கிராசண்ணே, அதுக்கும் டிக்கெட்டு கிழிக்கவா?"

"கிழிங்க. ஆனா அரை டிக்கெட்டுத்தான். இப்பப் பிள்ளை ஒயரத்துலதான நிக்குது."

"வழியில நின்னா முழு டிக்கெட்டுத்தான். மடக்குங்க, சந்தைக் கூடை ஏறணும்."

"கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள மடங்கும்" என்பது தம் கருவியைப் பற்றி அவர் சொல்லும் முதல் வாக்கியம். யாருடைய கண் என்று சொல்வதில்லை. அவர் மடக்கி முடிப்பதற்குள் கூடைகள் ஏறி, அடுத்த ஊரில் இறங்கியும் விடும்.

ஆவூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரல் தாழ்ந்திருக்கும். சமஸ்தானத்தில் நிலம் அளக்கிற அதிகாரிகளுக்குப் பின்னால் பதினொரு வருஷம் அளவுச் சங்கிலியும், அளக்கும் கருவியை ஏற்றிவைக்கும் முக்காலியும் சுமந்த தோள் அது. வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. முக்காலி மட்டும் அவரை விடவில்லை. எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதற்கு மூன்று கால் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிற மனிதரை நான் போன ஊர்களில் எங்கும் பார்த்ததில்லை. பார்க்காமல் போனதில் வருத்தமும் இல்லை.

பிழைப்புக்குக் கீரமங்கலத்தில் ஒரு வாடகைச் சைக்கிள் கடை. ஆறு சைக்கிள்கள். அவற்றில் மூன்றுக்குச் சீட்டு கிடையாது. சீட்டை ஏற்றி இறக்கிப் பிடித்துக்கொள்ளும் குழாயும் வளையமும் அவருடைய கருவிக்குள் போய்விட்டன. மனைவி சூசைமேரியின் குடைக்கம்பிகள் தட்டைத் தாங்கப் போய்விட்டன. கடையை நடத்துவது அவள்தான். பஞ்சர் ஒட்டுவதும் அவள்தான். தண்ணீர்ச் சட்டியில் டியூபை முக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைத்துக்கொண்டே என்னிடம் ஒருநாள் சொன்னாள்: "இவுக மூணு கால் சாமானைக் கட்டிக்கிட்டாக. ரெண்டு சக்கரச் சாமான் என் தலையில விடிஞ்சுச்சு."

இந்தக் கருவிக்கு வித்திட்டதில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று பங்கிராஸ் ஊரெல்லாம் சொல்லிவருவதால், அதையும் சொல்லித் தீர்த்துவிடுகிறேன். நான் பினாங்கிலிருந்து திரும்பிய புதிதில், அங்கே பேண்டு வாசிக்கிறவர்கள் ஸ்வரம் எழுதிய காகிதத்தைக் கம்பிச் சட்டத்தில் வைத்துப் பார்த்து வாசிப்பார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"எல்லாரு முன்னாலயுமா? பாத்து வாசிக்கிறவனை வித்துவான்னு எப்பிடி ஆத்தா ஒத்துக்கிறாக?"

"அவர்கள் மறைப்பதில்லை" என்றேன்.

"இங்க அப்பிடி வச்சாச் சோடாப் பாட்டில்தான் வரும்" என்றார். சிரிப்பு அடங்கி, கொஞ்சநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையின் பொருள் மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் சொன்னதில் தவறில்லை. நம்மிடம் மேடையில் காகிதத்தை எடுத்தவன் மதிப்பிழந்தான். பாகவதர் ஆயிரம் பாட்டை நெஞ்சில் வைத்திருக்கவேண்டும். பிரசங்கி மூன்று மணி நேரத்தை நாவில் வைத்திருக்கவேண்டும். இருக்கிறதா? இல்லை. இல்லாததை இருப்பதாகக் காட்டத்தான் மடியில் துண்டுச் சீட்டு, உள்ளங்கையில் மைக் கிறுக்கல், விசிறியின் பின்புறத்தில் பென்சில் எழுத்து. பங்கிராஸ் இந்தத் தேவையைக் கண்டுகொண்டார். பினாங்குச் சட்டம் காகிதத்தைக் காட்டுவது. பங்கிராஸின் சட்டம் காகிதத்தை மறைப்பது. தட்டின் முன்புறம் தகர விளிம்பு ஒரு சாண் எழும்பி நிற்கும். அதில் சாமந்தியும் மரிக்கொழுந்தும் செருகத் துளைகள். பின்புறம் சரிவு, சரிவில் காகிதம், காகிதம் பறக்காமலிருக்கக் குடைக்கம்பி.

"முன்னாலருந்து பாத்தாப் பூத்தட்டு. பின்னாலருந்து பாத்தாத்தான் படிப்பு" என்பார்.

ஒரு பொய்க்கு மூன்று கால் வைத்துக் கொடுத்தவர் என்று நான் அவரிடமே சொல்லியிருக்கிறேன். "மூணு காலுன்னா ஆடாது ஆத்தா" என்று பதில் வந்தது.

ஏற்றி இறக்கும் இடங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார். தரையில் சம்மணமிட்டுப் பாடுகிறவருக்குப் பாட்டு மட்டம். நாடகத்தில் ஆர்மோனியம் வாசிக்கிறவருக்குப் பெட்டி மட்டம். நின்று பேசுகிறவருக்குப் பேச்சு மட்டம். மட்டத்துக்கு மட்டம் திருகை முடுக்கும்போது நாக்கின் நுனி உதட்டோரத்தில் வெளியே வந்து நிற்கும். திருகு இறுகியதும் உள்ளே போகும்.

கருவியை வாங்கிப் போகிறவர்களுக்கும் குறைவில்லை. நாலு மைல் சுற்றில் கதை சொல்கிற, பாடுகிற, பேசுகிற அத்தனை பேரும் ஒரு தடவையாவது இரவல் வாங்கியிருக்கிறார்கள். வாங்கும்போது எல்லாரும் வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறார்கள். விபூதிப் பட்டை போட்ட ஒரு பாகவதர், மாதா சுரூபத்தின் முன்னால் இவரைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சத்தியம் வாங்கினாராம். பங்கிராஸ் சத்தியத்தை மீறுவதில்லை. "இன்னாருன்னு நான் சொல்லமாட்டேன். போன மாசம் ஆவுடையார்கோவில்ல பட்டாபிஷேகம் சொன்னவுக. கடுக்கன் போட்டிருப்பாக. அவ்வளவுதான் சொல்லுவேன்" என்பார்.

இரவலுக்கு அவர் எதுவும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்று: மேடையிலிருந்து, நாலு பேர் காதில் விழ, தம் பெயரைச் சொல்லவேண்டும். தட்டின் முகப்பில் வெள்ளை எனாமலில் பெயரை எழுதிப் பார்த்தார். வாங்கிப்போன முதல் ஆள் சுரண்டி அனுப்பினார். "பதினொரு வருசம் தூக்கினேன் ஆத்தா. அளந்த எல்லா ஊருப் படமும் ஆபீசுல தொங்குது. ஒரு மூலையில நம்ம பேரு இல்ல" என்றார் ஒருமுறை. பொய்க்குத் துணைபோகும் பொருளைச் செய்துவிட்டு அதற்குப் புகழும் வேண்டுமென்கிறவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. மறைந்திருப்பதற்கென்றே செய்த பொருளில் பெயர் எப்படி வெளியே வரும்? இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு நாள் வந்தது. போன பங்குனியில், பள்ளிக்கூடக் கட்டடத்துக்காகக் கீரமங்கலத்தில் ஒரு கூட்டம். பேசவந்தவர் ஆவுடையார்கோவில் ஆத்மநாதன். இந்தப் பக்கத்தில் அவருக்குச் 'சொன்மாரி' என்று பட்டம். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று விசாரித்தேன். நோட்டீஸ் அச்சடித்தவரிடம் அவரே எழுதிக் கொடுத்தார் என்று தெரிந்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முந்திச் சைக்கிள் கடைக்கு வந்து கருவியைப் பார்த்தார். நான் அப்போது கடையில் இருந்தேன்.

"பேரைச் சொல்லுவதில் தடையில்லை. பூத்தட்டு அமைத்த கலைஞர் பங்கிராஸ் அவர்களுக்கு நன்றி என்று முடிவில் சொல்லிவிடுகிறேன். சம்மதந்தானே?"

"பூத்தட்டுன்னே சொல்லுங்க. பேரு வந்தாப் போதும்" என்றார் பங்கிராஸ். "ஒண்ணே ஒண்ணுங்க. தட்டக் குத்தாமப் பேசணும். திருகு தாங்காது."

"நான் என்ன தவில் வித்துவானா ஐயா?" என்றார் ஆத்மநாதன்.

அந்த ஒரு வாரமும் பங்கிராஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. சந்தைக்கு வந்தவர்களையெல்லாம் நிறுத்திக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். "முன்னாடியே எந்திரிச்சுப் போயிராதீக. கடைசியிலதான் வரும்" என்றார். என்ன வரும் என்று கேட்டவர்களுக்கு, "வரும்" என்று மட்டும் சொன்னார். கூட்டத்தன்று முடி வெட்டி, கஞ்சி போட்ட சட்டையில், மாலை நாலு மணிக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்ட மேடை. மேடையில் ஒரு மேஜை. மேஜைமேல் போட்ட விரிப்பு முன்பக்கம் தரைவரை தொங்கியது. மேஜைக்குப் பின்னால், பூவெல்லாம் செருகி, பேச்சு மட்டத்தில் கருவி. பக்கத்து நாற்காலியில் கூட்டத் தலைவர் அழகுமலை; பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவர், ஆறடிக்கும் மேலே. பெண்களுக்கு வழக்கம்போல மேடைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்தள்ளி, ஓலைத்தட்டி மறைவில் இடம். பேசுகிறவரின் முகம் எங்களுக்குத் தெரியாது. முதுகும், காகிதமும், மேஜையின் அடிப்புறமும் நன்றாகத் தெரியும். எங்களை அங்கே உட்காரவைத்தவர்கள் அதை யோசிக்கவில்லை.

மூன்றாவது நிமிஷத்தில் முதல் குத்து விழுந்தது. "கல்வியே கண்" என்றார் ஆத்மநாதன். தட்டில் ஒரு குத்து. தட்டு ஒரு விரல் இறங்கியது. "கண்ணில்லாதவன் குருடன்", இன்னொரு குத்து, இன்னொரு விரல். தட்டு இறங்க இறங்க அவரும் இறங்கினார். முதலில் சபையை வணங்குகிறவர்போல இருந்தார். பிறகு கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறவர்போல ஆனார்.

"என்னத்தத் தேடுறாரு அவரு?" என்றாள் என் பக்கத்திலிருந்த சொர்ணம்.

"அடுத்த வரிய" என்றாள் சூசைமேரி.

தட்டிக்கு இந்தப் பக்கம் சிரிப்புப் பரவியது. அந்தப் பக்கம் ஆண்கள் இன்னும் மரியாதையாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள். பங்கிராஸ் எழுந்தார். சோடாப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு, பேசுகிறவருக்குக் கொடுக்கப் போகிறவர்போல மேடைக்குப் பின்னால் சுற்றி ஏறினார். பாட்டிலை மேஜையில் வைத்தார், குனிந்தார், பிறகு நிமிரவில்லை. முன்னாலிருந்தவர்கள் அவர் பின்வழியாக இறங்கிப் போய்விட்டதாக நினைத்திருப்பார்கள். நாங்கள் பார்த்தோம். மேஜைக்கு அடியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, இரண்டு கையாலும் குழாயைப் பிடித்து, தட்டைப் பழைய மட்டத்துக்குத் தூக்கினார். திருகை முடுக்கிப் பார்த்தார்; அது வழுக்கிவிட்டது. பிடித்தபடியே இருந்தார்.

சொன்மாரிக்குத் தெம்பு வந்தது. குத்துகள் பலமாயின. ஒவ்வொரு குத்தும் பங்கிராஸின் மணிக்கட்டில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கஞ்சிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தலைக்குமேல் மேஜைப் பலகை இருந்ததால் கழுத்தை ஒருபக்கமாகச் சாய்த்து வைத்திருந்தார்.

"விட்ருங்க" என்றாள் சூசைமேரி, தட்டிக்குள் இருந்தபடியே, அவருக்குக் கேட்காத குரலில். "விழுகட்டும். விட்டுத் தொலைங்களேன்."

நானும் அதைத்தான் விரும்பினேன். கையை எடுத்தால் போதும். பூத்தட்டு கவிழும், காகிதம் சபையில் பறக்கும், மாரி ஓய்ந்துவிடும். இந்தப் பக்கத்து நெஞ்சும் நாவும் எந்த லட்சணத்தில் இருக்கின்றன என்று ஊருக்கே தெரிந்துபோகும். அப்போது பங்கிராஸின் பெயர் எல்லார் வாயிலும் வரும். ஆனால் அது அவர் கேட்ட விதத்தில் வராது. அவர் விடவில்லை.

"ஏட்டைப் பார்த்துப் பேசும் வழக்கம் எனக்கில்லை" என்று முழங்கினார் ஆத்மநாதன். "அனைத்தும் இங்கே இருக்கிறது." இங்கே என்று அவர் குத்திய இடம் தட்டு. கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று.

ஒன்றரை மணி நேரம் கழித்து நன்றி சொல்ல ஆரம்பித்தார். தலைவருக்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கு நன்றி. ஒவ்வொரு பெயருக்கும் மேஜைக்கடியில் சாய்ந்திருந்த தலை கொஞ்சம் நிமிர்ந்து பலகையில் இடித்தது. சோடாக் கொடுத்தவருக்கு நன்றி. சோடாக்கடைக்காரர் எழுந்து கும்பிட்டார். அமைதியாக இருந்த தாய்மார்களுக்கு நன்றி. "வணக்கம்" என்று சொல்லி, காகிதத்தைச் சுருட்டி மடியில் செருகிக்கொண்டு சொன்மாரி உட்கார்ந்தது.

சூசைமேரி மேஜைக்கடியையே பார்த்தாள்; குழாயைப் பிடித்த கைகள் இன்னும் இறங்கவில்லை.

மேடையில் அழகுமலை முடிவுரைக்கு எழுந்து மேஜைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் கையில் காகிதம் இல்லை. மடியிலும் இல்லை. இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்காரப்போகிறவர். அவருடைய இடுப்புக்கு நேரே இருந்த பூத்தட்டு மெல்ல அசைந்து, நாலு விரல் மேலே ஏறி நின்றது. கொஞ்சம் யோசித்தாற்போல, இன்னும் ஒரு விரல் ஏறியது.