ஐந்தாவது போத்தல்

“என்னவாம் டீச்சர், இந்தச் சுற்றுநிருபத்தில?” என்று கேட்டார் ஆய்வுகூட உதவியாளர் விமலேஸ்வரி.

கல்வித் திணைக்களத்திலிருந்து சிங்களத்தில் வந்திருந்த தாளை யதுர்ஷிகா இரண்டு தரம் வாசித்தாள். “தரம் பத்துக்குக் கீழ ஒருத்தரும் ஆய்வுகூடத்துக்குள்ள வரக்கூடாதாம். அமிலம், ஸ்பிரிட் விளக்கு ஒண்டும் பாவிக்கக்கூடாதாம். எங்கயோ ஒரு பிள்ளைக்குக் கை எரிஞ்சதாம் அக்கா.”

“அப்ப பூட்டச் சொல்லீனம்.”

“ஓம்.”

“பிள்ளையள் என்ன செய்யிறது?”

“புத்தகத்தில படம் இருக்குத்தானே.”

“படம் மணக்காது டீச்சர்.” விமலேஸ்வரி சிரித்தார். “கந்தகத்தை எரிச்சா மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவாங்கள். படத்தைப் பாத்து ஆர் ஓடுறது?”

அன்றே பூட்டைப் போட்டுத் திறப்பைப் பாடசாலை அதிபரிடம் கொடுத்தார்.

இந்த வேலைக்கு வருமுன் விமலேஸ்வரி ஒன்பது வருடம் கண்ணிவெடி அகற்றியவர். முகக் கவசத்துக்குள் வியர்வை வழிய, ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழந்தாளிட்டு மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிளறியவர். முழங்கால் தேய்ந்த பிறகுதான் பாடசாலைக்கு வந்தார். ஆய்வுகூடத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது: என்ன நடக்கும் என்று முதலில் சொல், பிறகு தொடு. பிழையாகச் சொன்னாலும் குற்றமில்லை. வாய் திறக்காத பிள்ளைக்குத்தான் சோதனைக் குழாய் கிடைக்காது. அமிலத்தைத் தண்ணீருக்குள் விடும் சின்னக் கைக்குக் கீழே அவருடைய கை எப்போதும் இருக்கும்.

பூட்டிய மூன்றாம் வாரம் தரம் ஒன்பதுக்கு உலோகங்கள் பற்றிய பாடம் வந்தது. யதுர்ஷிகா யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். வீட்டைச் சுற்றிக் கிடக்கும் உலோகத் துண்டுகளைப் பொறுக்கி, தேசிக்காய்ப் புளிச்சாற்றுக்குள் போட்டு, என்ன நடக்கிறது என்று எழுதி வரவேண்டும். நெருப்பில்லை, அமிலப் போத்தல் இல்லை. சுற்றுநிருபத்துக்கும் குறை வராது.

மறுநாள் பாடசாலை விட்டதும் அதை விமலேஸ்வரியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவருடைய முகம் வெளிறியது.

“இரும்பு பொறுக்கவோ விட்டனீங்கள்? இந்த மண்ணிலயோ?”

யதுர்ஷிகா வவுனியா நகரத்தில் வளர்ந்தவள். இங்கே மண்ணுக்குள் வெடி கிடக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு பிள்ளைகள்.

இரண்டு பேரும் சைக்கிளில் வீடு வீடாகப் போனார்கள். ஆணி, சோடா மூடி, தகரம். ஒரு வீட்டில் வெற்றுத் தோட்டாக் கோது. “டீச்சர், இரும்புக்கடை போடுற யோசனையோ?” என்று ஒரு தகப்பன் பகிடி விட்டார். அவர்கள் சிரிக்கவில்லை.

கடைசியாகச் சுதாஜினி என்ற மாணவியின் வீடு. கிணற்றுக் கட்டில் ஐந்து ஜாம் போத்தல்கள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு கொப்பி. விமலேஸ்வரி சட்டென்று யதுர்ஷிகாவின் குறுக்கே கையை நீட்டினார்.

“கிட்டப் போகாதேங்கோ.”

ஐந்தாவது போத்தலில் விரலளவு வெள்ளிநிறக் குழாய் ஒன்று, நுனியில் இரண்டு வயர்த் துண்டுகளோடு கிடந்தது. வெடியை வெடிக்க வைக்கிற டெட்டனேட்டர். தனியே வெடித்தாலும் கையைக் கொண்டுபோய்விடும்.

“எங்க பிள்ளை எடுத்தனி?”

“வாய்க்காலடியில. கண்ணிவெடிப் பலகை நிண்ட இடம். இப்பதான் பலகையைக் கழட்டிப்போட்டினமே.”

“கழுவினனியோ?”

“ஓம் அக்கா, தேய்ச்சுக் கழுவினனான். வயரைப் பல்லால உரிச்சனான்.”

விமலேஸ்வரி வீட்டாரை வெளியே கூட்டிவந்து, படலைக்குக் குறுக்கே தடி வைத்து, வெடி அகற்றும் பிரிவுக்குத் தொலைபேசியில் அறிவித்தார். எல்லோரும் தூரத் தெருவில் காத்துநின்றபோது சுதாஜினி கேட்டாள்: “மற்றதுகளை விட அதில ஏனக்கா கூடக் குமிழ் வந்தது?” தாய் அவளுடைய முதுகில் ஒன்று வைத்தார். பொழுதுபட முன் ஆட்கள் வந்து போத்தலோடு கொண்டுபோனார்கள். கொப்பியையும் கேட்டு வாங்கிப் போனார்கள்.

திங்கட்கிழமை அதிபர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: இனி வீட்டில் எந்தச் சோதனையும் செய்யச் சொல்லக்கூடாது, நடந்ததைப் பற்றி வகுப்பில் ஒரு சொல்லும் வரக்கூடாது. யதுர்ஷிகா கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளைகள் பேசாமல் பார்த்து எழுதினார்கள். சுதாஜினி தலை நிமிரவில்லை.

பாடசாலை விட்டபின் விமலேஸ்வரி வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

“அந்தக் குமிழ் ஏன் வந்ததெண்டு எனக்குத் தெரியாது டீச்சர். உங்களுக்குத் தெரியும். அதிபர் கதைக்க வேண்டாமெண்டவர்தான். ஆனா இண்டைக்குக் காலமையும் அவள் வாய்க்காலடியால சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவள், இன்னொண்டு கிடக்குதோ எண்டு குனிஞ்சு குனிஞ்சு. நாளைக்கு முதல் பாடத்திலயே அவளுக்கு அதைச் சொல்லிப்போடுங்கோ.”