எழுபத்தாறு புள்ளி நாற்பத்தைந்து

ஸ்டெல்லாவின் அம்மாதான் ஃபோனில் சொன்னார். "மக்கா, நம்ம பிள்ளை போயிட்டு." சிறுநீரகம் கெட்டு ஒரு வருடமாகப் படுத்திருந்தவள், எதிர்பார்த்த செய்திதான். ஆனாலும் காட்டாக்கடை பஸ் ஸ்டாண்டில் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாறசாலையில் எங்கள் சிறிய அலுவலகத்தில் புரோகிராம் எழுத நாங்கள் இரண்டு பேர்தான். அவள் காரோட்டுக் கடற்கரைக்காரி. தப்பென்று பட்டால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், அவளோடு பழகிய உங்களுக்கே தெரியும். படகுக்காரர்கள் தாங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் செய்தியாக அனுப்பினால், அந்த எழுத்தைத் தசம எண்ணாக மாற்றி வரைபடத்தில் காட்டும் செயலியைச் செய்தோம். மாற்றும் பகுதி என்னுடையது. ஒரே வரியில் முடித்துவிட்டேன் என்று பெருமை வேறு.

"அண்ணே, எங்க ஆளுக புள்ளிக்குப் பின்னால எழுதுறது மினிட் ஆக்கும். அப்படியே நம்பராக்கினா எடம் மாறிப்போவும்" என்றாள். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம். அவர்கள் 76.45 என்று எழுதினால் எழுபத்தாறே முக்கால் டிகிரி. என் வரிக்கோ அது எழுபத்தாறரைகூட இல்லை.

"எரர் ஒண்ணும் வரல்லியே" என்றேன்.

"எரர் வராததுதான் எனக்குப் பயம்."

அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தேன். அதற்குள் அவள் தம்பி சேவியரின் செய்தி வந்தது. என்ஜின் நின்றுவிட்டது, நல்ல காற்று, 8.10, 76.45. திரையில் புள்ளி அழகாக விழுந்தது. தேடிப்போன படகுகள் முப்பது கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே தள்ளிப் பகல் முழுக்கச் சுற்றின. நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஸ்டெல்லா தகவல் தெரிந்து சாயங்காலம் ஓடிவந்தாள். வரைபடத்தைப் பார்க்கவில்லை, செய்தியை மட்டும் வாசித்தாள். உடனே சரியான இடத்தை ஃபோனில் சொன்னாள். அங்கே படகு கவிழ்ந்து கிடந்தது. சேவியர் கிடைக்கவே இல்லை.

"வீட்டுல கடல் கொண்டுபோச்சுண்ணு சொல்லியாச்சு. நீங்க வாயத் தெறக்கண்டாம்" என்றாள். மறுவாரம் அந்த வரியை அவளே மாற்றினாள். இனி செயலி, வந்த எழுத்தை அப்படியே காட்டி, டிகிரியா மினிட்டா என்று அனுப்பியவரிடம் கேட்டபிறகே எண்ணாக்கும். பிறகும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை செய்தாள், சாப்பாட்டைப் பகிர்ந்தாள். அண்ணே என்று மட்டும் ஒருநாளும் கூப்பிடவில்லை. அது என்னைக் கொன்றது.

அடக்கத்தில் அவள் அம்மா என் கையைப் பிடித்து, "நீயும் என் பிள்ளை ஆக்கும்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. ஸ்டெல்லா எனக்கு விட்டுப்போனது அவள் எனக்காகச் சொன்ன பொய். அவள் இருந்தவரை அது இரக்கம். இனி நான் வைத்துக்கொண்டால் வெறும் கோழைத்தனம். இந்த அஞ்சலியை அச்சுக்குக் கொடுக்குமுன் காரோட்டுக்குப் போய் சேவியரின் செய்தி, என் வரி எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் எழுதினது சரியா இருந்துதா?" என்றுமட்டும் அம்மா கேட்டார்.

"சரியாத்தான் எழுதியிருந்தான், அம்மா."